கத்தி முனையில் திறக்கும் கண்

ஜப்பானியப் பொம்மைக் கலைஞரின் வேலையில் ஒரு கட்டம் வரும். முகம் முழுவதும் வெள்ளைப் பூச்சு. மூக்கு இருக்கிறது, உதடு இருக்கிறது, கன்னத்தின் மேடு இருக்கிறது. கண் மட்டும் இல்லை. கண்ணாடிக் கண்களை முதலிலேயே உள்ளே பதித்துவிட்டு, அவற்றையும் மூடித்தான் அடுக்கடுக்காகப் பூசியிருப்பார்கள். பூச்சு பதமாகக் காய்ந்ததும் கூரான சிறு கத்தியை எடுத்து, இமை வரவேண்டிய இடத்தில் கீறுவார்கள். வெள்ளைத் தோல் மெல்லிய சீவலாக உரியும். உள்ளேயிருந்து கறுப்பாக, ஈரம் பட்டதுபோல் ஒன்று வெளியே பார்க்கும்.

பொன் உளியால் சிலைக்குக் கண் திறக்கும் நம் ஸ்தபதிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கே மந்திரம் உண்டு, நாள் நட்சத்திரம் உண்டு. இங்கே பட்டறை மேசையும் ஒரு விளக்கும்தான். ஆனாலும் அந்தக் கீறலுக்கு முன்பு இருந்த பொருளும் பின்பு இருக்கும் பொருளும் ஒன்றல்ல. முன்பு அது ஒரு தலை. பின்பு அது யாரோ.

மனிதரைப் போலவே செய்யப்பட்ட கைவினைப் பொம்மைகளின் படங்கள் இன்று எல்லோர் கைபேசியிலும் வந்து போகின்றன. கன்னத்தில் இரத்தம் ஓடுவதுபோன்ற சிவப்பு, மேலுதட்டில் பூனைமயிர், விரல் கணுவில் சுருக்கம். பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "அழகா இருக்கு, ஆனா பயமா இருக்கு." அந்த 'ஆனா'வில் எனக்கு உடன்பாடில்லை. அழகு ஒருபக்கம், அச்சம் மறுபக்கம், கலைஞரின் கை கொஞ்சம் தவறியதால் இரண்டும் கலந்துவிட்டன என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. இந்தக் கலையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இரண்டையும் ஒரே கை, தெரிந்தே, ஒரே கீறலில் உண்டாக்குகிறது என்றே எனக்குப் படுகிறது. இதைக் காட்ட ஜப்பானைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே இந்தக் கலை சுமார் 170 ஆண்டுகளாகக் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது.

*

1850களின் நடுப்பகுதி. அமெரிக்கக் கறுப்புக் கப்பல்கள் வந்து ஜப்பானின் கதவைத் தட்டியிருந்த நேரம். கியூஷு தீவின் குமமோட்டோவில் பிறந்த மட்சுமோட்டோ கிசாபுரோ (1825–1891) என்பவர் முதலில் ஒசாகாவிலும் பிறகு எதோவின் அசகுசாவிலும் ஆளுயரப் பொம்மைகளைக் காட்சிக்கு வைத்தார். எதோ என்பது இன்றைய டோக்கியோ. அசகுசா, கோயிலும் கேளிக்கையும் அடுத்தடுத்து இருந்த இடம். கொட்டகை போட்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு கழைக்கூத்து, மூங்கிலில் பின்னிய பேருருவம் என எதையும் காட்டுவார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே கிசாபுரோவின் பொம்மைகள் நின்றன. மக்கள் அவற்றை 'இகி நிங்யோ' என்றார்கள். உயிருள்ள பொம்மை என்று பொருள்.

கிசாபுரோ அங்கே வைத்தவற்றில் கற்பனைத் தேசத்து மனிதர்களும் இருந்தார்கள்: கைகள் மிக நீண்டவர்கள், கால்கள் மிக நீண்டவர்கள். உலகில் இல்லாத மனிதர்களைத் தோலும் நரம்பும் மயிருமாக, தெருவில் எதிரே வருபவர்களைப்போலச் செய்து நிறுத்தினார். வெளிநாட்டார் எப்படி இருப்பார்கள் என்று நாடே அஞ்சிக்கொண்டும் ஆவலோடும் இருந்த காலத்தில் அது கூட்டத்தை இழுத்ததில் வியப்பில்லை.

அவருடைய உச்சம் 1871இல் தொடங்கியது. கருணையின் போதிசத்துவரான கண்ணோனுக்கு மேற்கு ஜப்பானில் உள்ள 33 தலங்களின் அற்புதக் கதைகளைப் பொம்மைக் காட்சிகளாக அசகுசாவில் அமைத்தார். 1875 வரை அது நடந்தது. பிற்காலத்தில் நவீன ஜப்பானிய மரச்சிற்பத்தின் பெரிய பெயராக ஆன தகமுரா கோவுன் அப்போது இளைஞர். புத்தச் சிலை செய்யும் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். கிசாபுரோவின் கைத்திறனைக் கண்டு தான் அடைந்த வியப்பைப் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். கிசாபுரோவுக்கு இணையாக இன்னொருவர் எழுந்தார், அவரும் குமமோட்டோக்காரர்: யசுமோட்டோ காமேஹாச்சி (1826–1900). இவர் 1890இல் செய்த இரு மல்யுத்த வீரர்கள் இன்று குமமோட்டோ சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். ஒருவர் மற்றவரைத் தூக்கிய நொடி. தூக்கியவரின் உடலில் தசை எங்கெங்கே இறுகும், தூக்கப்பட்டவரின் உடலில் எங்கெங்கே பிடி தளரும் என்று கணக்குப் பார்த்துச் செய்த உருவங்கள்.

உடையால் மறையும் பகுதி வெறும் சட்டகமும் காகிதக்கூழும்தான். வெளியே தெரியும் தலை, கழுத்து, கை, கால் ஆகியவற்றில்தான் முழு உழைப்பும். தலைமயிரை ஒவ்வொரு இழையாக நட்டார்கள். கண்ணை உள்ளிருந்து பதித்தார்கள். இந்த வித்தை அவர்கள் கண்டுபிடித்ததல்ல. 12ஆம் நூற்றாண்டிலேயே ஜப்பானியச் சிற்பிகள் மரச்சிலையின் தலையைக் குடைந்து, உட்புறத்திலிருந்து படிகக் கல்லைக் கண்ணாகப் பொருத்தினார்கள். நாராவில் சோகாகுஜி கோயிலின் அமிதா புத்தர் குழுவில் இதைக் காணலாம். அதன் ஆண்டு 1151. இருட்டுக் கோயிலில் விளக்கின் சுடர் அந்தக் கல்லில் பட்டு அசையும்போது புத்தர் பார்ப்பதுபோல் இருக்கும். கோயிலுக்குள் இருந்த அந்தப் பார்வையைக் கிசாபுரோவின் தலைமுறை தெருக்கொட்டகைக்குக் கொண்டுவந்தது.

*

இனித் தோல். இந்தக் கலையின் பாதி இரகசியம் தோலில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அந்த வெள்ளைப் பூச்சின் பெயர் கோஃபுன். சிப்பி ஓட்டிலிருந்து வருவது. ஓடுகளை ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்து, நொய்ந்துபோனதும் அரைத்து, நீரில் கரைத்துத் தெளியவைத்துக் காயவைப்பார்கள். இந்தத் தூளை 'நிகாவா' என்ற விலங்குப் பசையோடு குழைக்க வேண்டும். பசை கூடினால் பூச்சு வெடிக்கும், குறைந்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். அன்றைய ஈரப்பதத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப அளவு மாறும். இதற்கு ஏட்டில் வழி இல்லை, கைப்பழக்கம்தான்.

அடியில் இருக்கும் தலையைப் பெரும்பாலும் கிரி என்ற இலேசான மரத்தில் செதுக்குவார்கள். அல்லது அதன் மரத்தூளைக் கோதுமைப் பசையோடு பிசைந்து செய்வார்கள். முதல் பூச்சு மரத்தின் துளைகளை அடைக்கும். அடுத்து, கெட்டியான கோஃபுனைத் துளித்துளியாக வைத்து மூக்கு நுனியையும் உதட்டையும் எழுப்புவார்கள். அதன்மேல் நீர்த்த பூச்சு, ஒன்று காய்ந்தபின் ஒன்று, பல முறை. பிறகு ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதற்கப்புறம்தான் அந்தக் கத்தி.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு வெள்ளைச் சாயம் போதாதா? போதாது. சாயம் ஒளியை மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்பிவிடும். மனிதத் தோல் அப்படிச் செய்வதில்லை. ஒளி தோலுக்குள் சற்றுத் தூரம் புகுந்து, உள்ளே சிதறி, வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. காதுமடலுக்குப் பின்னால் வெயில் அடிக்கும்போது மடல் சிவந்து ஒளிர்வது இதனால்தான். சிப்பித்தூளின் நுண்ணிய தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்த பூச்சிலும் ஒளி இதேபோல் சற்று உள்வாங்கிச் சிதறுகிறது. அதனால் விளிம்புகள் மிருதுவாகின்றன. தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், கண்ணுக்கோ இளஞ்சூடாகத் தெரியும்.

கண் 'உடல்' என்கிறது, கை 'ஓடு' என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மனம் தத்தளிக்கிறதே, அந்தத் தத்தளிப்பைத்தான் நாம் அமானுஷ்யம் என்று சொல்லிவிடுகிறோம்.

*

இந்தக் கலைக்கு நடுவில் ஒரு கெட்டகாலம் வந்தது. நாட்டை நவீனமாக்க முனைந்த மெய்ஜி அரசு 1876இல் டோக்கியோவில் மேற்கத்தியக் கலைப்பள்ளி தொடங்கி, இத்தாலியிலிருந்து வின்சென்சோ ரகூசா என்ற சிற்பியை வரவழைத்தது. சிற்பம் என்றால் பளிங்கு, வெண்கலம், ஒரே நிறம் என்ற புதிய இலக்கணம் வந்தது. வண்ணம் பூசி, மயிர் நட்டு, துணி உடுத்திய உருவம் 'கலை' என்ற வட்டத்துக்கு வெளியே போனது. கொட்டகையில் காசு வாங்கிக் காட்டப்பட்டது என்ற இழிவும் சேர்ந்துகொண்டது. இகி நிங்யோ செய்த கைகள் மருத்துவப் பள்ளிக்கு உடற்கூறு மாதிரிகளும் கடைகளுக்கு ஆடை மாட்டும் உருவங்களும் செய்யப் போயின. பல பொம்மைகள் அழிந்தன. சில கடல் தாண்டின. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் தொகுப்பில் கிசாபுரோ செய்த உருவங்கள் உள்ளன. குமமோட்டோ அருங்காட்சியகம் 2004இல் பெரிய கண்காட்சி வைத்து அவரை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. இந்த ஓரங்கட்டலை நான் அநியாயம் என்றே நினைக்கிறேன். ஓர் உருவம் மக்களைப் பயமுறுத்தும் அளவுக்கு உயிரோடு இருந்தது என்பதே அதைக் கலையிலிருந்து தள்ளிவைக்கக் காரணமாகிவிட்டது.

ஆனால் கைத்தொழில் அறுந்துபோகவில்லை. 1927இல் அமெரிக்காவிலிருந்து சிட்னி குலிக் என்ற பாதிரியாரின் முயற்சியால் 12,000க்கும் மேற்பட்ட நீலக்கண் பொம்மைகள் ஜப்பானியக் குழந்தைகளுக்கு நட்புப் பரிசாக வந்தன. பதிலுக்கு அந்த ஆண்டே ஜப்பான் 58 பொம்மைகளை அனுப்பியது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 செ.மீ. உயரம், பட்டுக் கிமோனோ, கோஃபுன் முகம். அவற்றைச் செய்த இளைஞர்களில் ஒருவர் ஹிராதா கோயோ (1903–1981). அவருடைய தந்தை யசுமோட்டோ மரபில் தொழில் கற்றவர். இப்படித்தான் கொட்டகையின் வித்தை சிறுமி பொம்மையின் முகத்துக்குள் வந்து சேர்ந்தது. 1936இல் அரசுக் கலைக்கண்காட்சி முதன்முறையாகப் பொம்மைகளை ஏற்றது. கோயோவும் அதில் இடம்பெற்றார். 1955இல் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று போற்றியது.

நட்புப் பொம்மைகளின் கதைக்கு ஒரு கரிய வால் உண்டு. போர்க்காலத்தில் நீலக்கண் பொம்மைகள் 'எதிரிப் பொம்மைகள்' ஆயின. பள்ளிகளில் அவற்றை எரித்தார்கள், மூங்கில் ஈட்டியால் குத்தினார்கள். 300க்குச் சற்று மேற்பட்டவையே இன்று எஞ்சியிருக்கின்றன. ஆசிரியர்களும் பணியாளர்களும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் ஒளித்துவைத்தவை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: வெறும் பொருள் என்று நினைத்திருந்தால் யாரும் அதைக் குத்தியிருக்கவும் மாட்டார்கள், உயிரைப் பணயம் வைத்து ஒளித்திருக்கவும் மாட்டார்கள்.

ஜப்பானிய மொழியிலேயே இதற்கு விடை இருக்கிறது. பொம்மைக்கான சொல் 'நிங்யோ'. 'மனிதர்', 'வடிவம்' என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுவது. அதே இரண்டு எழுத்துகளை 'ஹிதோகதா' என்றும் படிக்கலாம். ஹிதோகதா என்பது ஒருவருடைய தீட்டையும் நோயையும் ஏற்றி ஆற்றில் விடும் மனித வடிவம். நாராவின் பழைய அரண்மனை அகழாய்வில் 8ஆம் நூற்றாண்டின் மரத்தகட்டு ஹிதோகதாக்கள் கிடைத்திருக்கின்றன. பொம்மை அங்கே விளையாட்டுப் பொருளாகத் தொடங்கவில்லை. நமக்காக நம் இடத்தில் நிற்பதற்கென்று பிறந்தது. இன்றும் பழைய பொம்மையைக் குப்பையில் போட மனம் வராதவர்கள் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். கியோட்டோவின் ஹோக்யோஜியில் ஆண்டுதோறும் அக்டோபர் 14 அன்று பொம்மைகளுக்கான நீத்தார் வழிபாடு நடக்கிறது.

*

1970ஆம் ஆண்டுக்கு வருவோம். டோக்கியோ தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ரோபோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாசாஹிரோ மோரி ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஓர் உருவம் மனிதரை ஒத்துப்போகப் போக நமக்கு அதன்மேல் நெருக்கம் கூடும். மிக நெருங்கிய ஓரிடத்தில் அது சட்டென்று சரிந்து அருவருப்பாகும். முழு மனிதரை எட்டும்போது மீண்டும் ஏறும். அந்தச் சரிவை அவர் 'அமானுஷ்யப் பள்ளத்தாக்கு' என்றார். இன்று பொம்மை பற்றிப் பேச்செடுத்தாலே இந்தச் சொல்தான் முதலில் வருகிறது.

கட்டுரையை நேராகப் படித்தால் வேறு சில தெரிகின்றன. அவர் வரைந்த கோடு அளந்து எடுத்ததல்ல, ஒரு பொறியாளரின் ஊகம். அவர் தரும் எடுத்துக்காட்டு செயற்கைக் கை: பார்க்க உண்மைக் கைபோல் இருக்கிறது, குலுக்கினால் எலும்பில்லாமல் சில்லென்று இருக்கிறது, அந்த நொடியில் உடல் கூசுகிறது. இன்னொன்று ஒசாகா உலகக் கண்காட்சியில் வைத்திருந்த ரோபோ. முகத்தில் 29 இணைச் செயற்கைத் தசைகள். அது சிரிக்கும் வேகத்தைப் பாதியாக்கினால் சிரிப்பு திகிலாகிவிடும் என்கிறார். அசைவற்ற உருவத்துக்கு ஒரு கோடு, அசையும் உருவத்துக்கு இன்னொரு கோடு என்று அவர் தனித்தனியே வரைந்ததைப் பலர் கவனிப்பதில்லை. அசையும் கோட்டின் பள்ளம்தான் மிக ஆழம். பள்ளத்தைத் தாண்டி மேலே அவர் வைத்திருப்பது புன்ராக்கு என்ற ஜப்பானியப் பாவைக்கூத்தின் பாவையை! அருகில் பார்த்தால் மனிதர்போல் இல்லாத அந்தப் பாவை, அரங்கில் கையும் தலையும் அசையும்போது நம்மை அழவைக்கிறது.

மோரி ரோபோ செய்பவர்களுக்குச் சொன்ன அறிவுரை, பள்ளத்துக்கு இந்தப்பக்கமே நின்றுகொள்ளுங்கள் என்பது. கருவி செய்பவர்களுக்கு அது சரி. பொம்மைக் கலைஞர்களோ அந்தப் பள்ளத்தில் விரும்பி இறங்கியவர்கள். அசைவற்ற கோட்டின் அடியில் மோரி எழுதியிருந்தது 'பிணம்' என்று. அங்கே இறங்கி, அந்த அசைவின்மையைச் சாவாகத் தெரியவிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தெரியவைப்பதுதான் அவர்கள் தொழில்.

அதே ஒசாகா கண்காட்சியில், நூல்-துணி ஆலைகளின் கூடத்தில் இன்னோர் இளைஞர் செய்த உருவங்களும் நின்றன. அவர் யோட்சுயா சிமோன், 1944இல் பிறந்தவர். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1965இல், ஒரு பத்திரிகையில் ஜெர்மானியக் கலைஞர் ஹான்ஸ் பெல்மர் செய்த பொம்மையின் படத்தைப் பார்த்து நிலைகுலைந்துபோனவர். பெல்மர் 1930களில் பெர்லினில், நாஜிகள் ஆட்சிக்கு வந்த நேரத்தில், உறுப்புகளைக் கழற்றிக் கண்டபடி மாற்றிப் பூட்டக்கூடிய பெண் பொம்மைகளைச் செய்தார். வயிற்றில் பந்து மூட்டு, அதாவது உருண்டைமேல் எந்தப் பக்கமும் திரும்பும் மூட்டு. அதற்கான யோசனை பெர்லின் அருங்காட்சியகத்தில் இருந்த 16ஆம் நூற்றாண்டு மரப்பாவைகளிலிருந்து வந்தது. நாஜிகள் போற்றிய திடகாத்திர உடலுக்கு எதிரான குரல் அது என்கிறார்கள். அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் சிதைத்து அடுக்கிய அந்தப் பெண்ணுடல்களை என்னால் நேசிக்க முடிந்ததில்லை.

சிமோன் எடுத்துக்கொண்டது மூட்டை மட்டும். வன்முறையை விட்டுவிட்டார். அவருடைய சிறுவர்களும் சிறுமிகளும் நேராக நிற்பார்கள், கைகள் தொங்கும், கண்கள் விரிந்திருக்கும். சிலருடைய மார்பு திறந்து உள்ளே மரப் பற்சக்கரங்கள் தெரியும். 1978இல் டோக்கியோவின் ஹராஜுகுவில் பொம்மைப் பள்ளி தொடங்கினார். களிமண்ணில் உருவம், பிளாஸ்டர் அச்சு, அச்சுக்குள் அடுக்கடுக்காகக் காகிதம், மேலே கோஃபுன் என்று ஒரு முழுத் தலைமுறைக்குக் கற்றுத்தந்தது அந்தப் பள்ளி.

1999இல் கியோட்டோவின் வோல்க்ஸ் நிறுவனம் பந்து மூட்டுப் பொம்மைகளை ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்து விற்கத் தொடங்கியது. எலாஸ்டிக் கயிற்றால் கோத்த உறுப்புகள், மாற்றக்கூடிய கண், மாற்றக்கூடிய முடி. அங்கிருந்து கொரியாவுக்கும் சீனாவுக்கும், பிறகு எல்லா இடங்களுக்கும் பரவியது. இன்று நாம் படங்களில் பார்க்கும் பெரும்பாலான கலைப்பொம்மைகளின் உடலில் அந்த மூட்டு இருக்கிறது.

அமெரிக்காவில் 1990களில் தொடங்கிய 'ரீபார்ன்' குழந்தைப் பொம்மைகளின் வழி வேறு. வினைலில் மெல்லிய வண்ணப் பூச்சு, சூளையில் சூடேற்றல், மறுபடி பூச்சு. நீல நரம்பு, சிவந்த குதிகால், ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி நட்ட ஆட்டுமயிர். உள்ளே கண்ணாடி மணிகளை இட்டு எடை சேர்ப்பார்கள். தூக்கினால் தலை சாயும். கை தன்னையறியாமல் பிடரிக்கு முட்டுக்கொடுக்கும். குழந்தையை இழந்தவர்களில் சிலர் இவற்றை வைத்திருக்கிறார்கள் என்பதற்காகக் கேலி செய்வோர் உண்டு. நமக்குப் பதிலாக நிற்கத்தான் பொம்மை என்ற பழைய எண்ணத்தை ஏற்றால் அந்தக் கேலி கூசிப்போகும்.

*

மீண்டும் கண்ணுக்கு. கண்ணாடிக் கண்ணில் கருவிழியைக் குழிவாக, தெளிந்த கண்ணாடிக் கவிகைக்கு ஆழத்தில் வைத்தால், நாம் நகரும்போது பார்வையும் நம்மைத் தொடர்வதுபோல் தோன்றும். கருவிழி மேலோட்டமாக இருந்தால் தொடராது. எதைத் தேர்வது என்பது செய்பவரின் முடிவு. இரண்டு கண்களையும் சற்றே கீழாகவோ, நம்மைத் தாண்டியோ நோக்கவைத்தால் பொம்மை தன் நினைவில் இருக்கும். நேராக வைத்தால் நம்மிடம் எதையோ கேட்கும்.

தமிழில் பாவை என்றால் பொம்மை. கண்ணின் கருமணிக்கும் பாவை என்றே பெயர். இலத்தீனிலும் கண்மணியைக் குறிக்கும் சொல் சிறு பொம்மையையும் குறிக்கும். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றன: எதிரே இருப்பவரின் கருமணிக்குள் குட்டியாக ஓர் உருவம் தெரிகிறது, அது நாம்தான். ஒரு நல்ல பொம்மையின் கண்ணாடிக் கண்ணை நெருங்கினாலும் அதே குட்டி உருவம் தெரியும். உயிருள்ள கண் இமைத்து நம்மை விடுவித்துவிடும். இது இமைக்காது. நாமாக விலகும்வரை நம்மை உள்ளே வைத்திருக்கும்.

குமமோட்டோவின் ஜோகோகுஜி கோயிலில் கிசாபுரோ செய்த ஓர் உருவம் இருக்கிறது. 1871 கொட்டகைக் காட்சிக்காகச் செய்த தனிகுமி கண்ணோன். யாத்திரை உடையில் நிற்கும் பெண் வடிவம். 33 தலங்களில் கடைசித் தலம் தனிகுமி. அதன் தலக்கதை இப்படி: ஒருவர் கியோட்டோவில் கண்ணோன் சிலை ஒன்றைச் செதுக்கச் செய்து சொந்த ஊருக்குக் கொண்டுபோகப் புறப்பட்டாராம். அந்தச் சிலை வழிப்போக்கர்போல உடுத்திக்கொண்டு தன் காலால் நடந்தே வந்ததாம். தனிகுமிக்கு வந்ததும் கனத்துப்போய், ஓரடிகூட நகர மறுத்துவிட்டதாம். அங்கேயே கோயில் எழுந்தது.

நடந்து வந்த சிலையின் கதையைத் தேர்ந்து, அதை நடக்கமுடியாத மரத்திலும் சிப்பித்தூளிலும் செய்தார் கிசாபுரோ. காசு கொடுத்துக் கொட்டகைக்குள் நுழைந்தவர்கள் அதன்முன் நின்று, அந்தக் கால் இப்போது எழுமா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.